மிசியம்மா விழுங்கிய பெயர்கள்

தார்ன்பி மிசியம்மா இறந்த அன்று அவளுடைய பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. தினமும் பனையேறி உரமேறின தோள்கள் முதலில் எட்டு வந்தன, பிறகு பதினாறு வந்தன, கடைசியில் கிருபாசனபுரத்தில் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆம்பளைகள் அத்தனை பேரும் கைகொடுத்துப் பார்த்தும் பெட்டி தரையை விட்டு எழும்பவில்லை. உள்ளே கிடந்தவளோ ஈர்க்குச்சிக்கு அங்கி மாட்டினது மாதிரி இருந்தவள். சீமைக்காரி என்று பெயரே தவிர, கேப்பைக் கூழும் கருப்பட்டிக் காப்பியும் போக வேறெதையும் ஆசையாகச் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. முடிவில் பனந்தடிகளை வரிசையாகப் போட்டு, பெட்டியை அதன்மேல் உருட்டிக்கொண்டுதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. அவள் ஏறினால் வில்வண்டியின் அச்சு முனகும் என்பதும், தேரிக்காட்டுச் செம்மணலில் அவள் நடந்தால் கணுக்கால் வரை புதையும் என்பதும் ஊருக்குப் பழகின சங்கதிகள். அத்தனை பெயரை விழுங்கினவள் கனக்காமல் என்ன செய்வாள்?

தாது வருஷத்துப் பஞ்சத்தில் தொடங்கியது அது. அந்த வருஷம் மழை இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை, பனைகூடப் பாளை விட மறுத்துவிட்டது. தேரி மணல் காற்றில் எழுந்து ஊர் ஊராக நடந்து போக, அதன் பின்னாலேயே சனங்களும் நடந்து போனார்கள். கால் இருந்தவர்கள் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். இல்லாதவர்கள் கிருபாசனபுரத்து மிஷன் வாசல் வரைக்கும் வந்து, இடுப்புப் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு, எதிரே இருந்த பூவரசு மரத்தில் சாய்ந்து, சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத மிசியம்மா வாசலில் கஞ்சிப் பானையோடு நின்று பெண்பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். எடுக்குமுன்னே, கொண்டுவந்தவளின் முகத்தருகில் குனிந்து, "இந்தப் பிள்ளையின் நாமம் என்ன?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். பதில் காதில் விழுந்ததும் அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவள் எங்கேயும் எழுதி வைத்ததுமில்லை.

புதுப்பெயர் கப்பலில் வரும். அது ஒரு ஏற்பாடு. கடலுக்கு அப்பால் ஒரு துரைசானி ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் பொறுப்பேற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரையோ, செத்துப்போன தன் தங்கச்சியின் பெயரையோ வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் ஆட்டுக்குட்டி மேய்த்த பிள்ளைகளும் பதநீர் சுமந்த பிள்ளைகளும் ஹாரியட் ஆனார்கள், ஃபுளோரன்சு ஆனார்கள், வின்னிபிரெட் ஆனார்கள். துரைசானி கண்ணை மூடிவிட்டால் சோறு இன்னொரு துரைசானியின் பொறுப்புக்குப் போகும், சோற்றின் பின்னாலேயே பெயரும் போகும்.

இந்தக் கதைக்கு உரியவள் அப்படி மூன்று பெயர் மாறினவள். நாலு வயசில் காய்ச்சலோடு உள்ளே வந்து, அதில் பழையதெல்லாம் மறந்து தொற்காள் ஆனாள், ஏழு வயசில் மில்லிசெந்து ஆனாள். மில்லிசெந்துச் சீமாட்டி மார்ச்சளியில் போய்விட்டாள் என்று சேதி வந்தபோது பள்ளிக்கூடமே கூடி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியது; தன் பெயரை நல்லபடியாக மோட்சத்தில் சேர்க்கச் சொல்லி எல்லாரும் அழுது கேட்பதை முன்வரிசையில் இருந்து அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளை ஜார்ஜியானா ஆக்கினார்கள். ஊர் வாய்க்கு அது சிக்கவில்லை. தட்டிக் கொட்டிச் சார்சியாள் என்றாக்கிக்கொண்டது. அவள் படித்து அதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல ஆரம்பித்ததும் சார்சியாள் டீச்சர் என்றே நிலைத்துவிட்டது.

அந்த ஜெபம் முடிந்த மத்தியானம்தான் அவள் முதல் தடவையாகக் கேட்டாள்.

"மிசியம்மா, தொற்காளும் போயிட்டா, மில்லிசெந்தும் செத்துட்டா. எங்கம்மா என்னைய என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"வேதத்திலே திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூணாய்ப் போனாள், மகளே," என்றாள் மிசியம்மா. அவளுடைய தமிழ் கடைசி வரை பிரசங்கத் தமிழாகவே இருந்தது. சொல்லிவிட்டு ஒரு துண்டுக் கருப்பட்டியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அவளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தேரிப் பக்கத்தில் பொம்பளைப்பிள்ளை எழுத்துப் படித்தால் வீடு விளங்காது என்றிருந்த காலத்தில், செம்மணலைப் பரப்பி, பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைத்தவள் அவள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் கிழவனுக்குக் கட்டிவைக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களின் நுகத்தடிக்கு முன்னால் படுத்துக்கொண்டு, என்மேல் ஓட்டிப் போங்கள் என்றவள் அவள். வாந்திபேதி வந்த வருஷம் பெற்ற தாய்மாரே தள்ளி நின்றபோது, சாகக் கிடந்த பிள்ளைகளின் நடுவில் பாயை விரித்துப் படுத்தவளும் அவள்தான். கொடுத்ததெல்லாம் உண்மை, எடுத்ததும் உண்மை. இரண்டையும் ஒரே கையால்தான் செய்தாள்.

சார்சியாளுக்கு மட்டும் அந்தக் குறை ஆறவேயில்லை. மற்றப் பிள்ளைகள் கல்யாணமாகி, உபதேசியார் பெண்டாட்டி, வாத்தியார் பெண்டாட்டி என்று புருஷன் பெயருக்குள் போய்ப் புகுந்துகொண்டார்கள். அவள் கட்டிக்கொள்ளவில்லை, தன் பெயர் தெரியாமல் இன்னொருத்தன் பெயரை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று இருந்துவிட்டாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒவ்வொரு பெயராகத் தனக்குப் போட்டுப் பார்ப்பாள். செண்பகவல்லி, வடிவு, காந்திமதி. காந்திமதி என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "மூக்கும் முழியுமா இருக்கா, எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையோ, பஞ்சம் கொண்டாந்து போட்டுட்டு," என்று ஊர்ப் பொம்பளைகள் சொல்லிச் சொல்லி, அந்தப் பெரிய வீட்டுக்கு முற்றமும் மாடமும் மனசுக்குள் அவளே கட்டி முடித்திருந்தாள். வலது மூக்குமடலில் கடுகு அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தாள். எத்தனை வருஷமானால் என்ன, அம்மா வாயிலிருந்து வந்த பெயரைக் காது மறக்காது, கேட்ட உடனே ரத்தம் சொல்லிவிடும் என்பது அவள் நம்பிக்கை.

மிசியம்மா படுக்கையில் விழுந்தபோது வராந்தாவில் கட்டில் போட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு கூடவே இருந்தவள் சார்சியாள்தான். கடைசி நாள் மத்தியானம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. எம் பேர மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"நான் அதைச் சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய்."

"எங்க போவேன், மிசியம்மா? எனக்கு யாரு இருக்கா?"

மிசியம்மா கையைத் தூக்கி, ஒற்றை விரலைச் சார்சியாளின் வலது மூக்கில் வைத்து அழுத்தி, அங்கேயே வைத்திருந்தாள். அவள் தொண்டையில் என்னமோ ஏறி வந்தது, உதடு வரைக்கும் வந்தது, உதடும் திறந்தது. நாற்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? திரும்ப விழுங்கிவிட்டாள். பிள்ளையைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்துச் சார்சியாள் அந்த விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மிசியம்மா போய்விட்டாள்.

அடக்கம் பண்ணின மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் கல்லறை மணல் குழிந்தது. வேதக்கோயில் மணியடிக்கும் மாசிலாமணி குழியானைப் பூச்சிதான் பறிக்கிறது என்று முதலில் நினைத்தார். மணலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால்தடம் வெளியே வந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. தடம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. நாலைந்து வயசுப் பிள்ளையின் வெறுங்கால் அளவில் அந்தத் தடங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டி, கோயிலைச் சுற்றிக்கொண்டு, போதகர் ஞானாபரணம் ஐயரின் வீட்டு வாசலில் போய் நின்றன. நின்று, "முப்பிடாதி," என்றது ஒரு பிள்ளைக்குரல்.

உள்ளே ஐயரின் மனைவி, மிசியம்மா எடுத்து வளர்த்த பிரிசில்லாள், குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் வாசலில் கேட்கிற குரலுக்கு மூன்றாம் கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், முதல் கூப்பாட்டுக்கு வாய் திறந்தால் பேய் பிடித்துக்கொள்ளும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அது மூடத்தனம் என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் பிரிசில்லாள். ஆனாலும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். மூன்றாவது தடவை கேட்டதும், "ஏட்டி, வாரேன், அங்கனயே நில்லு," என்று அழுதுகொண்டே ஓடினாள். பெயர் அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கினவள் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள், ஒற்றைக் கையால்தான் சமைத்தாள்.

ஐயர் அன்று சாப்பாட்டின் முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முப்பிடாதி என்பது அவர் தன் ஆயுசெல்லாம் எதிர்த்துப் பிரசங்கம் பண்ணின அம்மன். கடைசியில், "பிரிசில்லாளோ முப்பிடாதியோ, குழம்புல உப்பில்ல," என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை, ஆகவே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அப்புறம் தினமும் வந்தன. பேச்சி, இசக்கி, சொரிமுத்து, பூலுடையாள், மாடத்தி என்று செம்மணலில் தடம் பதித்துக்கொண்டு உச்சிவெயிலில் வந்தன. ஊர் அதைக் கொண்டு ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. பயம் ஒரு வாரத்துக்கு, பிறகு எல்லாம் வழக்கம் என்பதுதான் ஊர்களின் சுபாவம். சபை கூடிப் பேசி, பெயர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்றும், உரியவள் இடுப்பில் ஏறிவிட்ட பெயரை ஆராதனைக்குள் விடலாம் என்றும், ஏறாதவை வெளியே பூவரசு நிழலில் இருக்க வேண்டும் என்றும் தீர்மானம் பண்ணினார்கள். பண்டிகைச் சோறான அசனத்தில் ஒவ்வொரு பெண்ணின் இலைக்குப் பக்கத்திலும் ஒரு கிழிந்த இலைத்துண்டு போட்டு ஒரு பிடி சோறு வைத்தார்கள், ஏனென்றால் பஞ்சத்தில் விட்டுவந்த பெயர்கள் அல்லவா, பசி அப்படியே இருந்தது. உரியவள் வாந்திபேதியில் போயிருந்தால் அவள் பெயர் யாரையும் கூப்பிடாமல் நேரே அவள் கல்லறைக்குப் போய் மேலே படுத்துக்கொண்டது, மணலில் ஒரு பிள்ளை சுருண்டு படுத்த அளவுக்குப் பள்ளம் விழுந்தது. ஒரே ஒரு பேச்சிக்கு இரண்டு கிழவிகள் மல்லுக்கட்டினார்கள். அதுவோ இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வந்த இன்னொரு பேச்சியோடு பாகம் பிரித்துக்கொண்டது. மொத்தத்தில் ஊர்ப் பொம்பளைகளில் பாதிப்பேர் ஒருபக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார்கள், குறுக்குவலிக்கு நல்லெண்ணெய் விற்பனை கூடியது.

ஒரு தப்பு மட்டும் நடந்தது. விடுதியில் சமைக்கிற எஸ்தர் பாவம், அவசரக்காரி. வாசலில் வெயிலுகந்தாள் என்று கேட்டதும், ஆசையில் அது தன் பெயரென்றே நம்பி, "ஏளா, நாந்தான்," என்று சொல்லிவிட்டாள். ஏறி உட்கார்ந்த பெயர் சாயங்காலத்துக்குள் ஆள் மாறினது தெரிந்து அழுதுகொண்டே இறங்கிப் போயிற்று. அதற்குள் அவளுடைய சொந்தப் பெயர் கிணற்றடி வரைக்கும் வந்து, அவள் இடுப்பில் இன்னொன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பித் தேரிக்காட்டுக்குள் போய்விட்டது. எஸ்தர் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தேரியில் தடம் எத்தனை நேரம் நிற்கும்? அன்றைக்குப் பிறகு அவள் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நிற்கிறவளாகிப் போனாள். தப்பான பெயருக்குப் பதில் சொன்னால் சரியான பெயர் வராது என்று ஊர் படித்துக்கொண்டது. சார்சியாள் மற்றவர்களைவிட நன்றாகவே படித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவள் ஒவ்வொரு மத்தியானமும் கல்லறைத் தோட்டத்து வாசலில் போய் நின்றாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர்களின் பெயர்களை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு, உடன்குடிப் பக்கமும் சாத்தான்குளத்துப் பக்கமும் போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு பெயர் மணலை விட்டு எழும்பும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அது யாரோ ஒருத்தியைத் தேடிப் போகும்போது மூச்சை விடுவாள். காந்திமதி வரவில்லை, வடிவும் வரவில்லை. கடைசியாக ஒன்று வந்தது. நடக்கத் தெம்பில்லாமல் தடம் இழுத்து இழுத்து வந்தது, வாசலில் நின்ற சார்சியாளின் காலடியில் வந்து உட்கார்ந்தது, பால் மறந்த கன்றின் குரலில், "குப்பச்சி," என்றது.

சார்சியாள் காதைத் தீட்டிக்கொண்டு ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "போ, ஒன் ஆளத் தேடிப் போ," என்றாள். அது போகவில்லை. அவள் கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு வந்தது, கிணற்றுக்குப் போனால் கிணற்றுக்கு வந்தது, அவள் காலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடிச் சின்னத் தடம் விழுந்துகொண்டே இருந்தது. விடுதிப் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் 'குப்பச்சி டீச்சர்' என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிரிசில்லாள் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார்சி, அது ஒன் பின்னாலதான வருது. ஒரு தடவ 'ம்'னு சொல்லித்தான் பாரேன்."

"கஞ்சி ஊத்துறேன்லா, அதுக்கு வருதுக்கா. எம் பேரு இனிமத்தான் வரும்."

"கல்லறையில மண்ணு இறுகிட்டுதுட்டி. இனும வராதுன்னு எங்க வீட்டு அவுகளும் சொல்லுதாவ."

"எஸ்தர் கதி எனக்கு வரணும்ங்கியளா? அதுவுமில்லாம..." சார்சியாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தத் தாய் பெத்த பிள்ளைய குப்பைன்னு கூப்பிடுவா? எங்கம்மா என்னைய வாசல்வரைக்கும் சுமந்து கொண்டாந்தவ. அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டா."

அடுத்து ஐயரே வந்து, உரியவர் இல்லாத பெயராயிருந்தால் ஜெபம் பண்ணி அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டார். "செய்ங்க ஐயரே, எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்றாள். உயிரோடிருக்கிற பெயரைப் புதைக்க அவருக்குத்தான் மனசு வரவில்லை.

மூன்றாவதாக, ஆனி மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். மிசியம்மாவுக்குப் பிறகு பொறுப்பிலிருந்த சார்சியாள் புடவைக்குக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பூகோளப் பாடம் நடத்திக்காட்டினாள். கங்கை உற்பத்தியாகும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அது கூப்பிட்டது: "குப்பச்சி." வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "யாரம்மா குப்பச்சி?" என்றார்.

"யாருமில்ல சார். எங்க பள்ளிக்கூடத்துல அப்படி ஒருத்தியும் கிடையாது."

வேதத்தில் மூன்று தடவை மறுதலித்தவனுக்குக் கூவின மாதிரி சேவல் ஒன்றும் கூவவில்லை, அது மத்தியான நேரம். முந்தானை மெதுவாக நழுவி விழுந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பாடம் முடிந்து வாசலுக்கு வந்து பார்த்தபோது சின்னத் தடங்கள் பூவரசைத் தாண்டி மேற்கே தேரியைப் பார்த்துப் போயிருந்தன. நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளம் இருந்தது. அன்று ராத்திரியே ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் தேரி மணல்மேடு ஒரு பனை உயரத்துக்கு வேறு இடத்தில் நின்றது.

சார்சியாளுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இனி தன் பெயர் வர வழி அடைபடாது என்று நினைத்தாள். மிசியம்மா வளர்த்தவர்களில் எஸ்தரை விட்டால் நேராக நடந்தவள் அவள் ஒருத்திதான். "பாரு, நம்ம டீச்சர் நடக்கிற நடையை," என்று ஊரும் மெச்சியது.

புரட்டாசியில் ஒருநாள் விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வருஷமும் கரிசலில் மழையில்லை. புருஷன் இல்லை, கூலி இல்லை, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு மலையில் தேயிலைக் காட்டுக்குப் போகப் போகிறாள். சார்சியாள் வாசலில் நின்றாள், மிசியம்மா நின்ற அதே இடத்தில். ஃபுளோரன்சு என்றொரு பெயர் கப்பலில் வந்து ஆளில்லாமல் காத்திருந்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"பிள்ளை பேரு என்னம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லக் கூச்சமா இருக்கு டீச்சரம்மா. குப்பச்சி."

சார்சியாளின் கை கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றது. "பெத்த பிள்ளைக்கா இப்படிப் பேரு வச்ச?"

"இவளுக்கு முந்தி மூணு பிள்ளைக போயிருச்சு டீச்சரம்மா. ஆச ஆசயா பேரு வச்சேன், மூணையும் எமன் கூப்பிட்டுக்கிட்டான். எங்க வீட்டு வாசல் அவனுக்குப் பழகிப்போச்சு. அதான் இவ பெறந்து விழுந்ததும் குப்பமேட்டுல போட்டு உருட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரி கையில குடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கிட்டேன். இது என் பிள்ளையில்ல, தவிட்டுக்கு வாங்குனது, வெறும் குப்பைன்னு கூப்பிட்டா எமன் திரும்பிப் பாக்க மாட்டானாம். இந்தா, அடையாளத்துக்கு வலது மூக்கக் குத்தி விட்டிருக்கேன் பாருங்க." அவள் பிள்ளையின் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இந்த ஒண்ணாச்சும் எனக்கு நிக்கணுமேன்னுதான் அப்படி வச்சது. வேற எதுக்கு?"

பிள்ளையின் வலது மூக்கில் கடுகு அளவுக்கு ஒரு துளை இருந்தது. வேப்பங்குச்சி செருகியிருந்தது.

சார்சியாளின் விரல் தானாக எழுந்து தன் மூக்கின் தழும்பைத் தொட்டது. தொட்ட இடத்தில் இன்னொரு விரலின் அழுத்தம் இருந்தது, சாகப்போகிறவளின் விரல், சொல்ல முடியாமல் காட்டிவிட்டுப் போன விரல். பூவரசு மரத்தடியில் செத்த அம்மா இவளுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தாளோ. எமனிடமிருந்து ஒளித்துவைக்க உலகத்துப் பெயரிலெல்லாம் தேடி, யாருமே திருட நினைக்காத ஒரு பெயரைக் கண்டுபிடித்து, அதற்குள் தன் பிள்ளையைப் பொத்தி வைத்தாளே! எமன் ஏமாந்தான், பஞ்சம் ஏமாந்தது. பெற்ற பிள்ளையும் அல்லவா ஏமாந்துபோயிற்று.

கரண்டியைப் போட்டுவிட்டுச் சார்சியாள் மேற்கே ஓடினாள். செருப்பில்லாமல் தேரியின் சூட்டில் ஏறி, "குப்பச்சீ," என்று கூப்பிட்டாள். மணல் சரசரவென்று இறங்கியது. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மூன்றாம் கூப்பாட்டுக்குத்தான் பதில் வரும் என்பது வழக்கமல்லவா, மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். காற்று மட்டும் வீசியது. "நாந்தாம்ட்டி," என்று மணலில் உட்கார்ந்து அழுதாள். "நாந்தான் குப்பச்சி. எனக்குத் தெரியாமப் போச்சு. வந்துருட்டி." சாயங்காலம் பிரிசில்லாள்தான் ஒருபக்கம் சாய்ந்தபடியே நடந்து வந்து அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. உச்சிப்பொழுதில் தேரிப் பக்கமிருந்து குரல் கேட்டால், டீச்சர் கூப்பிடுறாவ, மணி பன்னிரண்டு ஆச்சு என்று அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

அந்தப் பிள்ளையை அவள் ஃபுளோரன்சு ஆக்கவில்லை. பெயர் தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கவில்லை. சீமையிலிருந்து சோறு வராமற்போனால் தன் சோற்றில் பாதி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் வகுப்பில் பெயர் கூப்பிட்டாள். ஹாரியட், உள்ளேன் அம்மா. வின்னிபிரெட், உள்ளேன் அம்மா. கடைசிப் பெயர் வந்ததும் சற்று நின்றாள், பலகைக்குப் பக்கத்தில் நேராக, எந்தப் பக்கமும் சாயாமல். பிறகு கூப்பிட்டாள்.

"குப்பச்சி."

"உள்ளேன் அம்மா," என்றது கடைசி வரிசையில் மூக்கில் வேப்பங்குச்சி செருகின பிள்ளை.

வேலையிலிருந்து ஓய்கிற வரைக்கும் தினமும் அந்தப் பெயரை அவள்தான் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை படித்து முடித்துப் போன பிறகும் கூப்பிட்டாள். யாரும் பதில் சொல்லாத அந்த நாட்களில், பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்க, மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினாள்.